கடல் கடந்து வேலூர்ப் பக்கம் தொண்டுக்கு வருபவர்களுக்கு: முதல் மாத வழிகாட்டி

சென்னையிலிருந்து வரும் ரயில் வாலாஜா ரோடு நிலையத்தைத் தாண்டியதுமே பெட்டிகளை வாசல் பக்கம் நகர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். வேலூருக்கு இறங்க வேண்டிய காட்பாடியில் அது அதிக நேரம் நிற்காது. மலேசியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் ஓராண்டுத் தன்னார்வப் பணிக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் போனில் முதலில் சொல்வது இதைத்தான். இரண்டாவதாகச் சொல்வதைக் கேட்டதும் பலருக்கு முகம் வாடிவிடும்: முதல் மாதம் உங்களுக்கு வேலை எதுவும் கிடையாது.

குடியாத்தம் பக்கத்துக் கிராமங்களில் மாலை வகுப்பு நடத்தும் ஒரு சின்ன அமைப்பில் பத்து வருடங்களுக்கு மேலாக இருக்கிறேன். ஒருமுறை ஈப்போவிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம், வந்த மூன்றாம் நாளே நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பை ஒப்படைத்தோம். அவளும் ஆசையோடுதான் கேட்டாள். பன்னிரண்டாம் நாள் வயிற்றுப்போக்கில் படுத்துவிட்டாள். ஊரில் அவளுக்கு ஒருவரையும் தெரியாது, பிள்ளைகளின் அம்மாக்களுக்கும் அவளைத் தெரியாது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி ஒரு தம்ளர் கஞ்சி கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. ஆறாவது வாரம் ஊருக்குத் திரும்பிவிட்டாள். தவறு முழுக்க எங்களுடையது. அதற்குப் பிறகு வந்தவர்கள் யாருக்கும் முதல் நான்கு வாரம் வகுப்பு கொடுப்பதில்லை. அந்த நான்கு வாரமும் ஊர் உங்களைத் தெரிந்துகொள்வதற்கு. கொடுக்கத்தான் கிளம்பி வருகிறீர்கள். ஆனால் முதலில் வாங்கிக்கொள்ளப் பழக வேண்டும். கஞ்சி, தண்ணீர், புத்திமதி, கேலி எல்லாவற்றையும்தான்.

டிக்கெட் எடுப்பதற்கு முன்பு

சுற்றுலா விசாவில் வந்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். இ-சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத தன்னார்வ வேலை அதிகபட்சம் ஒரு மாதம்தான் செய்யலாம். ஓராண்டு தங்க எம்ப்ளாய்மென்ட் விசா வேண்டும். சம்பளமே வாங்காதவருக்கு எதற்கு வேலை விசா என்று குழம்ப வேண்டாம். பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தில் கௌரவப் பணி செய்ய வருபவர்களையும் அந்த வகையில்தான் சேர்த்திருக்கிறார்கள். மற்ற வேலைகளுக்கு உள்ள குறைந்தபட்சச் சம்பள வரம்பு இவர்களுக்குக் கிடையாது. விசாவிலேயே நிறுவனத்தின் பெயரும் பணி செய்யும் இடமும் குறிக்கப்படும். ஆகவே அழைப்புக் கடிதத்தில் உள்ள பெயர், நிறுவனத்தின் பதிவுச் சான்றிதழில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

மாவட்டத்தின் பெயரில்தான் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள். உங்கள் தாத்தா 'வடாற்காடு ஜில்லா' என்று சொல்லியிருப்பார். 1989-ல் அது இரண்டாகப் பிரிந்தது. 2019-ல் வேலூர் மாவட்டத்தை மறுபடி மூன்றாகப் பிரித்தார்கள். இன்று குடியாத்தம், காட்பாடி, பேர்ணாம்பட்டு, அணைக்கட்டு ஆகியவை வேலூர் மாவட்டம். ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் ராணிப்பேட்டை மாவட்டம். ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டம். பழைய லெட்டர்பேடில் வேலூர் மாவட்டம் என்று அச்சாகியிருக்கும் ஆம்பூர் முகவரியை அப்படியே விண்ணப்பத்தில் எழுதினால் பிறகு அலைச்சல்தான்.

ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கான அட்டை) வைத்திருப்பவர்களுக்கு விசாவும் வேண்டாம், வந்தபின் பதிவும் வேண்டாம். ஆனால் மதப்பணி, ஆய்வு, பத்திரிகைப் பணி ஆகியவற்றுக்கு அவர்களும் சிறப்பு அனுமதி வாங்க வேண்டும். "கிராமத்தில் சர்வே எடுத்து அதையே என் படிப்புக்கும் பயன்படுத்திக்கொள்வேன்" என்று நினைப்பவர்கள் கிளம்பும் முன்பே இதை முடித்துவிடுங்கள்.

பணம் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நண்பர்களிடம் வசூல் செய்து "பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று ரொக்கமாகக் கொண்டுவந்து நீட்டுகிறவர்கள் உண்டு. மனது நல்ல மனதுதான், சட்டம் அதை ஏற்காது. வெளிநாட்டுக் குடிமகன் கொடுக்கும் நன்கொடை, அவர் தமிழரானாலும் ஓ.சி.ஐ. அட்டை உள்ளவரானாலும், வெளிநாட்டு நிதிதான். வெளிநாட்டு நிதி வாங்க அரசு அனுமதி பெற்ற அமைப்பு மட்டுமே, அதற்கென்று டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் உள்ள கணக்கு வழியாக மட்டுமே அதை வாங்கலாம். நீங்கள் தரும் ஒரு கட்டு நோட்டு, இருபது வருடம் நடந்த ஒரு அமைப்பின் அனுமதிக்கே உலை வைத்துவிடும். கேட்காமல் எதையும் கொண்டுவராதீர்கள்.

எப்போது வருவது, எதைக் கொண்டுவருவது

ஜூனில் பள்ளி திறக்கிறதே என்று மே மாதக் கடைசியில் வந்து இறங்குகிறார்கள். வேண்டாம். மே 4 முதல் 28 வரை கத்திரி வெயில், கோடையின் உச்சம். வேலூர் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே அல்ல. ஆடி மாதத்தை ஒட்டி வந்தால் நல்லது. தெருவுக்குத் தெரு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு போய் நின்றால் போதும், பாதி ஊருக்கு உங்களைத் தெரிந்துவிடும்.

துணியை இங்கேயே வாங்கிக்கொள்ளலாம். குடியாத்தம் லுங்கி பெயர் பெற்றது. மலேசியா, சிங்கப்பூர், லண்டன் பிளக் இங்கே சேராது, இரண்டு அடாப்டர் எடுத்து வையுங்கள். நல்ல டார்ச் ஒன்று. நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மருந்து, டாக்டர் சீட்டோடு. பாஸ்போர்ட், விசா நகல் ஐந்தாறு. இவற்றோடு, யாரும் பட்டியலில் எழுதாத ஒன்றையும் மறக்க வேண்டாம்: வீட்டில் எல்லோரும் சேர்ந்து எடுத்த போட்டோ ஒன்று, காகிதத்தில் அச்சிட்டது. "அம்மா அப்பா இன்னா பண்றாங்க? கூடப் பொறந்தவங்க எத்தினி பேரு?" என்று எல்லா வீட்டிலும் கேட்பார்கள். போனில் காட்டினால் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். காகிதப் போட்டோ வீட்டுக்குள்ளே போய், ஆயா கைக்குப் போய், பக்கத்து வீடு வரை போய்த் திரும்பி வரும்.

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து காட்பாடிக்கு

கோலாலம்பூர், கொழும்பு விமானங்கள் பல இரவில்தான் வந்து இறங்கும். முதல் இரவே நெடுஞ்சாலையில் கார் பிடிக்காதீர்கள். விடியும்வரை விமான நிலையத்திலேயே உட்கார்ந்துவிட்டு, காலையில் மெட்ரோவில் சென்ட்ரல் வந்துவிடலாம், இடையில் மாற வேண்டியதில்லை. சென்ட்ரலிலிருந்து கோவை, பெங்களூர் பக்கம் போகும் விரைவு ரயில்கள் பெரும்பாலும் காட்பாடியில் நிற்கும். கோவை எக்ஸ்பிரஸ், பிருந்தாவன், லால்பாக் எல்லாம் நிற்பவைதான். 130 கிலோமீட்டர், சுமார் இரண்டு மணி நேரம். டிக்கெட்டில் 'வேலூர்' என்று தேடினால் வேலூர் கன்டோன்மென்ட் வரும். அது விழுப்புரம் பாதையில் உள்ள வேறு நிலையம். நீங்கள் எடுக்க வேண்டியது காட்பாடி சந்திப்பு.

உங்களை அழைத்துப் போக அமைப்பிலிருந்து ஒருவர் நிற்பார். நிற்கச் சொல்லி நீங்களும் வற்புறுத்துங்கள், கூச்சப்பட வேண்டாம். தவறிப்போய் யாரும் வரவில்லையென்றால், பாகாயம் போகும் டவுன் பஸ் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி வேலூருக்குள் கொண்டுபோய் விடும். பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை, 2021 முதல் அப்படித்தான். ஊர் பேர் கேட்டு எந்தப் பெண்ணையும் கண்டக்டர் இறக்கிவிடுவதில்லை, சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சி.எம்.சி. மருத்துவமனைப் பக்கம் போனால் ஆட்டோக்காரர்கள் இந்தியிலோ வங்காளத்திலோ பேசுவார்கள். மேற்கு வங்கம், வடகிழக்கு, பங்களாதேஷ் என்று தொலைவிலிருந்து நோயாளிகள் வரும் ஊர் இது. கடைப் பலகைகளிலும் வங்காள எழுத்து இருக்கும். திகைக்காமல் தமிழில் பதில் சொல்லுங்கள்.

முதல் வாரம்: உடம்பும் காகிதமும்

வந்த மறுநாளே செய்ய வேண்டியது பதிவு. 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருபவர்கள் பதினான்கு நாளுக்குள் இணையத்தில் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ. தளத்தில் பதிய வேண்டும். பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், விசா, வந்திறங்கிய முத்திரை உள்ள பக்கம், புகைப்படம், அமைப்பின் கடிதம், தங்குமிடச் சான்று இவ்வளவும் தயாராக இருக்கட்டும். நீங்கள் தங்கும் இடத்தின் பொறுப்பாளர் 24 மணி நேரத்துக்குள் உங்கள் விவரத்தை வெளிநாட்டவர் தங்குவதைத் தெரிவிக்கும் படிவத்தில் (முன்பு 'சி படிவம்') ஏற்ற வேண்டும். ஒரு வீட்டு மாடியில் தங்கினாலும் இது உண்டு. வீட்டுக்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம், நீங்களே நினைவூட்டுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் வீரம் வேண்டாம். பாலாற்றங்கரையின் தோல் தொழிற்சாலைக் கழிவு எத்தனை கிணறுகளைக் கெடுத்தது என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கையை வலியுறுத்தியது வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான். கேன் தண்ணீர், அல்லது கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர். ஊரில் யார் வீட்டிலாவது சொம்பு நீட்டினால் மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. அங்கே மோராகக் கேட்காதீர்கள், "டீ குடிக்கிறேம்மா" என்று சொல்லிவிடுங்கள். டீ கொதித்துத்தானே வருகிறது.

கேழ்வரகுக் களியை மெல்லாமல் விழுங்கப் பழகுங்கள். கருவாட்டுக் குழம்பில் தோய்த்து உருட்டி உள்ளே தள்ள வேண்டும். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கிடைத்தால் விடாதீர்கள். ஆம்பூர் பிரியாணிக்குப் பத்து நாள் பொறுங்கள், வயிறு பழகட்டும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நான்கு எப்போதும் அறையில் இருக்கட்டும்.

தெருநாய் கடித்தால், கீறினால்கூட, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், தடுப்பூசி இலவசம். ஒரு ஊசியோடு விடக்கூடாது, சொல்லும் தேதியிலெல்லாம் போக வேண்டும். பாம்பு கடித்தால் கட்டுப்போடுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வேலூருக்குப் பக்கத்தில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மழைக்காலத்து இரவில் டார்ச் இல்லாமல் வாசலைத் தாண்டாதீர்கள்.

ஊருக்குள் நடப்பது

முதல் மாதத்தின் உண்மையான வேலை இது. காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை, ஒரே தெருக்களில் ஒரே நேரத்தில் நடங்கள். முதல் நான்கு நாள் எல்லோரும் பார்ப்பார்கள், யாரும் பேசமாட்டார்கள். ஐந்தாம் நாள் ஒரு கிழவி, "இன்னாமே, தெனமும் போறியே, யாரு நீ?" என்று கேட்பார். அங்கே உட்கார்ந்துவிடுங்கள்.

பகலில் வீடு வீடாகப் போனால் பூட்டுத்தான் இருக்கும். நூறு நாள் வேலை, பீடி சுற்றுவது, தீப்பெட்டி, ஆம்பூர்ப் பக்கம் என்றால் விடியற்காலையிலேயே வந்து நிற்கும் ஷூ கம்பெனி வண்டி என்று பெண்களின் நேரம் வெவ்வேறு திசையில் ஓடுகிறது. பீடி சுற்றுகிற வீட்டில் மட்டும் பகலில் ஆள் இருப்பார்கள். அவர்கள் கை நிற்காது, வாய் பேசும். இலை வெட்டித் தருகிறேன் என்று கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். அது அவர்களுடைய அன்றைய கூலி, நீங்கள் வெட்டிய இலை வீணாகும். சும்மா உட்கார்ந்து கேட்டால் போதும்.

பேச்சு முதலில் புரியாது. 'இருக்கிறது' இங்கே 'கீது'. 'அப்புறம்' என்பது 'அப்பால'. 'வீட்டுக்குப் பக்கத்தில்' என்பது 'ஊட்டாண்ட'. 'என்ன' என்பது 'இன்னா'. மலேசியாவில் "பசியாறியாச்சா?" என்று கேட்பீர்களே, அதே அன்போடு இங்கே "நாஷ்டா ஆச்சா?" என்பார்கள். வேர்க்கடலையை மல்லாட்டை என்று சொல்லும் வீடுகள் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு தம்பி "உங்களோட கதைக்க வேணும்" என்றபோது, கதை சொல்லப்போகிறான் என்று பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். அவனும் ஒரு கதை சொன்னான். உங்கள் பேச்சை மாற்றிக்கொள்ள வேண்டாம். அவர்கள் பேச்சை நடித்துக் காட்டவும் வேண்டாம், கேலி செய்வதாகத் தோன்றிவிடும். தெலுங்கு பேசும் வீடுகளும் உருது பேசும் வீடுகளும் எங்கள் பக்கம் நிறைய. முஸ்லிம் பெரியவர்களை 'பாய்' என்பது மரியாதைதான். வயதான பெண்களை 'ஆயா', உங்கள் அம்மா வயதுக்காரரை 'அம்மா', கொஞ்சம் மூத்தவர்களை 'அக்கா', 'அண்ணா'. பெயர் சொல்லிக் கூப்பிடுவது உங்களைவிடச் சின்னவர்களை மட்டும்.

இனி, தயங்கித் தயங்கியாவது நான் எல்லோரிடமும் சொல்லிவிடும் ஒன்று. "நீங்க இன்னா ஆளுங்க?" என்று ஒருநாள் கேட்பார்கள். கேட்பது சாதியை. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் சிலர் அது விளங்காமல் "நாங்க தமிழ் ஆளுங்க" என்று சொல்லிவிடுவார்கள். விளங்கினாலும் அதையே சொல்லுங்கள். கேட்டவரிடம் கோபப்பட்டுப் பிரசங்கம் செய்ய வேண்டாம். ஆனால் எந்தக் காரணத்துக்கும் சாதியைச் சொல்லிவிடாதீர்கள். சொன்ன நிமிடமே ஒரு பக்கத்துக் கதவு அகலத் திறக்கும், மறுபக்கத்துக் கதவு சாத்திக்கொள்ளும்.

ஊர் தனி, தலித் மக்கள் வாழும் காலனி தனி என்பதைக் கண்ணால் பார்ப்பீர்கள். முதல் வாரத்திலேயே இரண்டு இடத்திலும் சாப்பிட்டுவிடுங்கள், காலனியில் முதலில். ஒரே ஆண்டில் வந்த இரண்டு பேரில் ஒருவர், காலனி வீட்டில் தட்டு நீட்டியபோது "இப்பத்தாம்மா சாப்பிட்டேன்" என்றார். உண்மையிலேயே சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். அந்தப் பெண்களுக்கு அது எப்படித் தெரியும்? அந்த வாக்கியத்தை அவர்கள் வாழ்நாளெல்லாம் கேட்டிருக்கிறார்கள். ஆண்டு முடியும்வரை அவரை 'சார்' என்றே கூப்பிட்டார்கள். கூட வந்த இன்னொருவர் உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டார், அவர் 'தம்பி' ஆகிவிட்டார். வயிறு நிறைந்திருந்தாலும் இரண்டு வாய் சாப்பிடுங்கள்.

பிள்ளைகள், போட்டோ

பிள்ளைகளைப் போட்டோ எடுத்து வெளியே போடுவது முதல் மூன்று மாதம் வேண்டாம். அதற்குப் பிறகும் பெற்றோர் சம்மதமும் அமைப்பின் அனுமதியும் இல்லாமல் வேண்டாம். தனியாக ஒரு பிள்ளையை அறைக்கு அழைத்துப் பாடம் சொல்லாதீர்கள், கதவு திறந்த திண்ணையே போதும். ஒரு குழந்தை தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை உங்களிடம் சொன்னால், அதை மனதில் வைத்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு இல்லை. 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். உடனே அமைப்பின் பொறுப்பாளரிடம் வாருங்கள், குழந்தைகள் உதவி எண் 1098. "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று அந்தக் குழந்தைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். "உனக்கு உதவி செய்பவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்று சொல்லுங்கள்.

மூன்றாவது வாரம்

மூன்றாவது வாரம் அழுகை வரும். கிட்டத்தட்ட எல்லோருக்கும் வந்திருக்கிறது. அம்மாவின் குரல் கேட்டதும் வரும், அல்லது தண்ணீர் மோட்டார் ஓடாத ஒரு காலையில் வரும். அந்த வாரம் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வேலூர்க் கோட்டைக்குப் போய் அகழி ஓரம் உட்காருங்கள். 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் வெள்ளையரை எதிர்த்து எழுந்து நின்ற கோட்டை அது. உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில். தண்ணியில்லா ஆறு, சாமியில்லாக் கோயில் என்று எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு. 1981-ல் லிங்கத்தை மறுபடி கொண்டுவந்து வைத்தார்கள். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் புரண்டு ஓடியதை நானே பாலத்தில் நின்று பார்த்தேன். கோட்டைக்குப் போன அன்றைக்குச் சாயங்காலம் திரும்பி வந்து பக்கத்து வீட்டு அக்காவிடம் "மனசு சரியில்லக்கா" என்று சொல்லுங்கள். சொல்லிப் பாருங்கள், ஈப்போப் பெண்ணுக்குச் சொல்ல ஆள் இல்லாமல் போனது அதுதான்.

நான்காவது வாரம்

இப்போது நோட்டை எடுத்துக்கொண்டு பொறுப்பாளரோடு உட்காருங்கள். எந்தப் பிள்ளை வகுப்புக்கு வருவதில்லை, ஏன் வருவதில்லை, எந்த வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்காவை நிறுத்துகிறார்கள், எந்தத் தெருவில் விளக்கு எரிவதில்லை என்று நடந்து தெரிந்துகொண்டதை எழுதுங்கள். நீங்கள் கிளம்பும்போது மனதில் கொண்டுவந்த திட்டத்தை அதற்குப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் ஒட்டுகிற இடத்தில்தான் உங்கள் வேலை. சின்னதாக இருந்தால் வருந்தாதீர்கள். ராணிப்பேட்டையில் பிறந்து, அமெரிக்காவில் டாக்டர் படிப்பு முடித்துத் திரும்பிய ஐடா ஸ்கடர், இன்று சி.எம்.சி. ஆகியிருக்கும் மருத்துவமனையை 1900-ல் வேலூரில் தொடங்கியது ஒரே ஒரு படுக்கையோடுதான்.

எங்கள் ஊர்களில், அரசின் மாலை வகுப்புத் திட்டமான 'இல்லம் தேடிக் கல்வி'யில் வகுப்பு எடுத்த பெண்கள் இருக்கிறார்கள். அதே தெருவில் வாழ்பவர்கள், பிள்ளைகளின் பாட்டி பெயர்வரை தெரிந்தவர்கள். இரண்டாவது மாதத்தின் முதல் இரண்டு வாரம் அவர்கள் வகுப்பில் பின்னால் பாயில் உட்காருங்கள். அதற்கு அடுத்த வாரம் நான்கு பிள்ளைகளை மட்டும் பிரித்துக் கொடுப்பார்கள். எழுத்துக் கூட்டத் தடுமாறும் நான்கு பேராகத்தான் இருப்பார்கள். ஆறு மணிக்கு என்று சொன்னாலும் மாடு திரும்பி, தண்ணீர் பிடித்து முடித்துத்தான் வருவார்கள், ஆறரை ஆகும். நீங்கள் ஐந்தே முக்காலுக்கே போய் விளக்கைப் போட்டு, பாயை விரித்து வையுங்கள்.